தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

வகுப்பறைக் கதவுக்குப் பூட்டு உட்புறம் இருக்கவேண்டுமா, வெளிப்புறம் இருக்கவேண்டுமா? இப்படி ஒரு வினா எழுந்து, அதற்கு விடைகாண விசாரணைக் குழுக்கள் அமர்ந்து, ஏடு ஏடாக அறிக்கைகள் வெளிவந்து, சட்டமன்றங்களிலே வாதங்கள் நடந்து, இன்னமும் அந்த வினா தீர்ந்தபாடில்லை என்று சொன்னால், "எந்த நாட்டிலே இந்த விந்தை?" என்று கேட்கத் தோன்றும். திங்களுக்கு ஆளை அனுப்பித் திரும்பவும் அழைத்து வந்த நாட்டிலே, தோழர்களே! செல்வமும் விஞ்ஞானமும் கைகோத்து நடமாடும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, ஆசிரியை ஒருவர் தம் வகுப்பறைக் கதவை உள்ளே நின்றபடி பூட்ட இயலாத பள்ளிகள் இருந்திருக்கின்றன. அந்தக் குறையைப் போக்கவேண்டும் என்று வலியுறுத்த, பச்சிளங் குழந்தைகளின் சடலங்கள் சாட்சி சொல்லவேண்டி வந்தது.

"கடல் கடந்த நாட்டுக் கதவைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் நியூஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகள் நம் தெருவிலே எத்தனை வீட்டுக்கு உண்டு என்று எண்ணிப் பாருங்கள். "பாட்டி, இன்றைக்கு எங்கள் பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை" என்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் சொல்லும்போது, இங்குள்ள பாட்டி அதை ஏதோ விளையாட்டுப் போட்டி என்று எண்ணிக்கொண்டு, "நன்றாக ஆடினாயா, கண்ணு?" என்று கேட்கிறாள். அது ஆட்டமல்ல. விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவன் கண்ணில் படாத மூலையிலே, மூச்சுக் காட்டாமல் குந்தியிருக்கும் பயிற்சி! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பருவத்திலேயே, கொலைஞன் வந்தால் எப்படி ஒளிவது என்பதும் பாடமாகிவிட்டது அங்கே.

அந்தப் பூட்டின் அமைப்பைச் சற்று விளக்கியாக வேண்டும். பழைய அமெரிக்கப் பள்ளிகளில் வகுப்பறைக் கதவின் சாவித்துளை தாழ்வாரத்துப் பக்கத்தில் இருந்தது; உட்புறம் வெறும் கைப்பிடி மட்டுமே. பூட்டவேண்டுமானால் ஆசிரியர் கதவைத் திறந்து, வெளியே வந்து, சாவியைத் திருப்பி, மீண்டும் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மூடர்களல்லர். ஆசிரியர் வெளியே சென்ற நேரம் பார்த்துக் குறும்புப் பிள்ளைகள் உள்ளே தாழிட்டுக்கொண்டால் என்ன செய்வது? வலியவன் ஒருவன் எளியவனை உள்ளே அடைத்து வைத்து அடித்தால் யார் காப்பது? இப்படியெல்லாம் எண்ணித்தான் பூட்டும் உரிமையைச் சாவி வைத்திருப்பவரிடம், அதுவும் வெளிப்புறத்தில், ஒப்படைத்தார்கள். பிள்ளைகளின் குறும்புக்கு அஞ்சிய காலத்தின் ஏற்பாடு அது. துப்பாக்கியுடன் தாழ்வாரத்தில் நடந்து வருபவனை அந்தக் காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின்னராவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து, 2007 ஏப்ரல் 16ஆம் நாள், வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் 32 பேர் மாண்டனர். கட்டிடத்தின் வாயிற் கதவுகளைக் கொலைஞனே சங்கிலியால் பிணைத்துவிட்டு உள்ளே நடந்தான். அவன் நுழைந்த வகுப்பறைகளின் கதவுகளுக்கோ பூட்டே இல்லை. லிவியு லிப்ரெஸ்கு என்ற பேராசிரியர், 76 வயது முதியவர், இட்லரின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்த யூதர், தம் உடலையே தாழ்ப்பாளாக்கிக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் சன்னல் வழியே குதித்துத் தப்பினர். பேராசிரியர் தப்பவில்லை. நாசிகளின் கொலைக்களத்திலிருந்து உயிரோடு வந்தவருக்கு, சுதந்தர நாட்டின் வகுப்பறையிலே ஒரு பூட்டு இல்லாமற் போயிற்று! வீரம் என்று போற்றுகிறார்கள், போற்றத்தான் வேண்டும். ஆனால், கடைத்தெருவில் விற்கும் இரும்புத் துண்டு செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதரின் மார்பு செய்யவேண்டி வந்ததே, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்காமல் வீரத்தை மட்டும் பாடுவது ஆட்சியாளர்களுக்கு மிக வசதியான வழக்கம்.

பிறகு 2012 டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள். கனெக்டிகட் மாநிலம், நியூடவுன், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி. ஆறும் ஏழும் வயதுள்ள குழந்தைகள் 20 பேர், பெரியவர்கள் 6 பேர். முன்வாயில் பூட்டியே இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு நொறுக்கி உள்ளே புகுந்தான் பாதகன். வகுப்பறைக் கதவுகளுக்கு வெளிப்புறச் சாவிப் பூட்டு. வெடியோசை கேட்கும் தாழ்வாரத்துக்குக் கதவைத் திறந்து வந்து, நடுங்கும் கையால் சாவித்துளையைத் தேடும் ஆசிரியையின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அந்த மாநில ஆளுநர் அமைத்த குழு 2015ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. வகுப்பறைக் கதவை ஆசிரியர் உள்ளிருந்தே பூட்ட வகை செய்யவேண்டும் என்பது அதன் தலையாய பரிந்துரைகளில் ஒன்று. பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு கொலைஞன் உள்ளே புகுந்த நிகழ்ச்சி தங்கள் ஆய்வில் தென்படவில்லை என்றும் குழுவினர் காரணம் காட்டினர்.

கதவைச் சொன்னார்கள், கண்ணாடியைப் பற்றியும் நாம் சொல்லியாக வேண்டும். 2005ஆம் ஆண்டு மின்னசோட்டாவின் ரெட் லேக் பள்ளியில் கதவு பூட்டியிருந்தும், அருகிருந்த கண்ணாடியைத் தகர்த்துக் கொலைஞன் உள்ளே நுழைந்தான். 2018 பிப்ரவரி 14இல், புளோரிடாவின் பார்க்லாந்துப் பள்ளியில் 17 உயிர்களைக் குடித்தவன், ஒரு வகுப்பறைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. கதவுகளில் பதித்திருந்த கண்ணாடி வழியாகவே உள்ளே சுட்டான். ஆகவே பூட்டு ஒன்றே போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஆயினும் பூட்டிய கதவு, கொலைஞனை நிறுத்துகிறது அல்லது தயங்க வைக்கிறது. அவனுக்கு வாய்த்திருப்பது சில நிமிடங்களே. பார்க்லாந்தில் எல்லாம் ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் முடிந்துவிட்டது. அங்கே ஒரு கதவு வாங்கித் தரும் அரை நிமிடம், ஒரு வகுப்பு முழுவதன் ஆயுள்.

இனி யுவால்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், பூட்டு என்ற பொருள் இருந்தும் பூட்டு இல்லாத நிலை எப்படி உண்டாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் யுவால்டி. ராப் தொடக்கப் பள்ளி. 2022 மே 24. குழந்தைகள் 19 பேர், ஆசிரியைகள் இருவர். அந்த மாநிலச் சட்டமன்றக் குழு அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், துப்பாக்கி ஒலிக்கு முன்பே அங்கே வேறொன்று ஒலித்துக்கொண்டிருந்தது புலப்படும்: அலட்சியம்! கதவுகள் எந்நேரமும் பூட்டியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதி தாளில் இருந்தது, கதவில் இல்லை. சாவிகள் பற்றாக்குறை. மாற்றாசிரியருக்குக் கொடுக்கச் சாவி கிடையாது. ஆகவே கதவு சாத்திக்கொள்ளாதபடி ஆப்பு வைப்பதும், பூட்டு விழாதபடி காந்தத்துண்டு ஒட்டுவதும் வாடிக்கையாயின. 111ஆம் எண் அறைக் கதவின் பூட்டு சரியாக விழுவதில்லை என்பது பள்ளியில் பலரும் அறிந்த செய்தி. அதைப் பழுது பார்க்கும்படி முறையாக எழுதிய வேலைச்சீட்டு ஒன்றுகூட இல்லை என்று கண்டது குழு. அந்த அறை வழியாகத்தான் அவன் உள்ளே போயிருக்கவேண்டும் என்பதும் குழுவின் முடிவு.

அதோடு முடிந்ததா? இல்லை. பல்வேறு காவல் படைகளைச் சேர்ந்த 376 பேர் அங்கே திரண்டனர். அத்தனை பேர் நின்றும், கொலைஞனை நெருங்கி வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தின் பெரும்பகுதி எதில் கழிந்தது? சாவி தேடுவதில்! கொத்துக் கொத்தாகச் சாவிகளைக் கொண்டுவந்து, எது பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருகிப் பார்த்ததற்குச் சான்று இல்லை. பெரும்பாலும் அது பூட்டப்படாமலே இருந்திருக்கவேண்டும் என்று மாநிலத்துக் காவல்துறைத் தலைவரே பின்னர்ச் சாட்சியம் கூறினார். உள்ளே குழந்தைகள் தொலைபேசியில் உதவி வேண்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தனர். பூட்டவேண்டியவருக்குப் பூட்டாத கதவு, திறக்கவேண்டியவருக்குப் பூட்டிய கதவாகக் காட்சி அளித்தது. இப்படியொரு கொடுமையைக் கற்பனையில் எழுதினால், நம்பமுடியாதது என்று ஒதுக்கிவிடுவர்.

ஆகவே சட்டம் வேண்டும் என்கிறோம். வகுப்பறைக் கதவு ஒவ்வொன்றும் உள்ளிருந்தே பூட்டத்தக்கதாக இருக்கவேண்டும் என்று, விருப்பத்துக்கு விட்டுவிடாமல், கட்டாயமாக்கும் சட்டம். கலிபோர்னியா 2010ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிவகுத்தது. ஆனால் அந்தச் சட்டம் புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு. புதுக் கட்டிடம் யாருக்குக் கிடைக்கும், பழங் கட்டிடத்தில் யார் பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அமெரிக்கப் பள்ளிகள் தங்கள் செலவில் கணிசமான பங்கை அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து பெறுகின்றன. மாளிகைகள் நிறைந்த ஊரில் வரி கொட்டும். உழைப்பாளிகள் வாழும் ஊரில் சொட்டும். பூட்டையும் சொத்து வரியின் தலையிலே கட்டிவிட்டால், பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இரும்புக் கதவும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காந்தத்துண்டும் என்றுதான் முடியும். எனவே சட்டம் இயற்றும் கையே பணத்தையும் தரவேண்டும். தராத சட்டம் யுவால்டியின் விதியைப் போல் தாளிலேதான் கிடக்கும்.

ஆனால் எத்தகைய பூட்டு? பூட்டு வேண்டும் என்று முழங்குவோரில் பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு இடறி விழுகிறார்கள்.

கதவுக்கு இரண்டு பகைவர் உண்டு. ஒருவன் வெளியிலிருந்து வருபவன். இன்னொருவன் தீ. முதற் பகைவனுக்குக் கதவு மூடியிருக்க வேண்டும். இரண்டாம் பகைவனுக்குத் திறக்கவேண்டும். 1903ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்து இராக்குவா நாடக அரங்கில் தீப்பற்றியபோது, திறக்க வழி தெரியாத கதவுகளின் முன்னே மக்கள் குவிந்து மடிந்தனர். மாண்டவர் 602 பேர். அன்று நாடகம் பார்க்கச் சீட்டு வாங்கியிருந்தும் வேலை நிமித்தம் போகாமல் தப்பிய கார்ல் பிரின்சுலர் என்ற இரும்புச் சாமான் வணிகர், உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுத் தண்டை உருவாக்குவதில் முனைந்தார். இன்று திரையரங்கிலும் மருத்துவமனையிலும் குறுக்கே ஒரு தண்டு வைத்த கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறோமே, அதன் பிறப்பு அந்தச் சுடுகாட்டிலே! 1908இல் ஓஹியோவின் காலின்வுட் பள்ளித் தீயில் 172 குழந்தைகள். 1958இல் மீண்டும் சிக்காகோ, தேவதைகளின் மாதா பள்ளி. 92 குழந்தைகள், 3 கன்னித் துறவியர். இப்படிக் கரிக்கட்டைகளாகக் கிடந்த குழந்தைகளிடமிருந்து கற்றதே தீப்பாதுகாப்பு விதி: உள்ளே இருப்பவர் எவராயினும், சாவியின்றி, கருவியின்றி, தனிப் பயிற்சியின்றி, ஒரே அசைவில் கதவைத் திறந்து வெளியேற முடியவேண்டும்.

நமக்கு இது ஏட்டுப் பாடமல்ல. 2004 ஜூலை 16ஆம் நாளைக் குடந்தை மறக்குமா? கீழே சத்துணவு சமைத்த தீ, மேலே ஓலைக் கூரைக்குத் தாவியது. இறங்கும் படிக்கட்டு குறுகலானது. 94 குழந்தைகள் வெந்தனர். அந்த நாளைக் கண்ட மண்ணில் பிறந்தவன் எவனும், பிள்ளைகள் இருக்கும் அறையை அடைப்பதைப் பற்றி எளிதில் பேசமாட்டான்.

அமெரிக்காவில் பேசுகிறார்கள். கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புச் சட்டம், தரையில் செருகும் முளை, கைப்பிடியைக் கட்டும் பட்டை என்று விதவிதமாய் விற்பனை செய்யும் வணிகர் கூட்டமே உண்டு. 2015ஆம் ஆண்டு ஓஹியோ சட்டமன்றம், அந்த மாநிலத்துக் கட்டிட விதி வல்லுநர்களின் மறுப்பையும் மீறி, இத்தகைய தடுப்புக் கருவிகளுக்கு இடங்கொடுத்தது. சில நேரங்களில் அவை உதவக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் கொலைஞனே உள்ளே இருந்தால்? 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்சு என்ற ஊரில், ஆமிஷ் வகுப்பாரின் ஓரறைப் பள்ளிக்குள் புகுந்தவன், கதவை அடைக்கத் தன்னுடனேயே மரக்கட்டைகளைக் கொண்டு வந்திருந்தான். மாண்ட சிறுமியர் ஐவர். வர்ஜீனியாவின் சங்கிலியையும் நினைவில் கொள்ளுங்கள். தடுப்புக் கருவி யார் கையிலும் தடுப்புக் கருவியே. நல்லவன் கை, தீயவன் கை என்று அதற்குத் தெரியாது. ஆகவே நாம் வேண்டும் பூட்டு, உள்ளே நின்று ஒரு பொத்தானை அழுத்தினாலோ ஒரு திருகு திருகினாலோ பூட்டிக்கொள்வது. உள்ளிருந்து கைப்பிடியை அசைத்தவுடன் திறந்துகொள்வது. வெளியே பொறுப்புள்ளவர் கையில் உள்ள சாவிக்கு மட்டும் பணிவது. இப்படிப்பட்ட பூட்டு ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் உறங்கும் கனவல்ல. கடையில் கிடைக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை, வாங்குவதற்குப் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

பார்க்லாந்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. துப்பாக்கிச் சூட்டினால் எழுந்த புழுதி, தீ எச்சரிக்கை மணியை முழங்கச் செய்துவிட்டது. தீ என்று எண்ணி மேல்மாடிப் பிள்ளைகள் அறையை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தனர். 'வெளியே ஓடு' என்றது மணி; 'உள்ளே இரு' என்றது வெடி. இரண்டு பகைவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் குழந்தை என்ன செய்யும்?

இத்தனையும் சொன்ன பிறகு, அரசியலுக்கு வருகிறேன். வராமல் முடியாது.

யுவால்டியில் சிந்திய இரத்தம் உலரும் முன்பே, டெக்சாசைச் சேர்ந்த மேலவை உறுப்பினர் டெட் குரூஸ், பள்ளிக்குள் நுழைய ஒரே வாயில் வைத்து, அந்த வாயிலில் ஆயுதந் தாங்கிய காவலரை நிறுத்தவேண்டும் என்றார். ஒரே வாயில்! காலின்வுட்டையும் குடந்தையையும் அவரிடம் யார் எடுத்துச் சொல்வது? பூட்டைப் பற்றியும் வாயிலைப் பற்றியும் இவ்வளவு ஆர்வத்தோடு பேசும் இத்தகையோர், துப்பாக்கி என்ற சொல்லை மட்டும் நாவில் எடுக்கமாட்டார்கள். அமெரிக்கப் பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்று 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மக்கள் தொகையைவிட மிகுதி! 2020ஆம் ஆண்டு முதல் அங்கே சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் கொல்லும் காரணங்களில் முதலிடம் பெற்றிருப்பது நோயல்ல, ஊர்தி விபத்துமல்ல, துப்பாக்கி. இந்த நிலையில் கதவுப் பூட்டை மட்டும் பேசுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலையேயாகும்.

1996ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டே, கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யும் சட்டங்கள் பிரிட்டனில் வந்தன. அதே 1996இல், ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் மாண்ட பின், அந்நாட்டு அரசு ஆறரை இலட்சம் அளவுக்குத் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. முடியும், மனம் இருந்தால் முடியும்.

ஆனால் இன்னொரு சாராரிடமும் எனக்குச் சண்டை உண்டு. "துப்பாக்கியை ஒழிக்காமல் பூட்டு எதற்கு? பூட்டுக் கேட்பதே சரணாகதி" என்று சொல்லும் தூய்மையாளர்கள் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதே. ஆயினும் சட்டம் மாறும்வரை நாளைக் காலை வகுப்பில் உட்காரும் பிள்ளையை எந்த வாதத்தால் காப்பார்கள்? 2024 செப்டம்பர் 4ஆம் நாள் ஜார்ஜியாவின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில், தானே பூட்டிக்கொள்ளும் கதவைத் திறந்துவிடப் போன ஒரு மாணவி, வெளியே நின்றவன் கையில் துப்பாக்கியைக் கண்டு பின்வாங்கினாள் என்று உடனிருந்த மாணவி செய்தியாளர்களிடம் கூறினாள். அன்று அந்தப் பள்ளியில் நால்வர் மாண்டனர். அந்த அறைக்குள் அவன் நுழையவில்லை. அந்த அறைப் பெற்றோரிடம் போய்ப் பூட்டு சரணாகதி என்று சொல்ல எவருக்கு நாவெழும்? துப்பாக்கிச் சட்டத்துக்குப் போராடுவது ஆண்டுக் கணக்கில் ஆகும் வேலை. பூட்டு ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை. முன்னதைச் செய்யாததற்குப் பின்னதைச் சாக்காகக் காட்டுபவனும் குற்றவாளி. பின்னதைச் செய்யாததற்கு முன்னதைக் காரணமாகக் காட்டுபவனும் குற்றவாளி.

அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் பள்ளி ஆட்சிக்குழு மக்கள் வாக்கினால் அமைவது. அதன் கூட்டம் பொதுமக்கள் வந்து பேசத் திறந்திருப்பது. அங்கே குடியேறியுள்ள நம்மவர் கோயிலுக்கும் பொங்கல் விழாவுக்கும் திரள்கிறார்கள், மகிழ்ச்சி. ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கட்டும். நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. தம் பிள்ளை அமரும் அறையின் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா, ஒரே அசைவில் திறக்க முடியுமா, மாற்றாசிரியர் வந்தால் அவர் கையில் சாவி இருக்குமா என்று கேட்கட்டும். பழுதான பூட்டுகள் எத்தனை என்றும், அவற்றுக்கு வேலைச்சீட்டு எழுதியாயிற்றா என்றும், எழுதிய சீட்டு இப்போது யார் மேசையில் கிடக்கிறது என்றும் கேட்கட்டும்.